அவள் வலை தூக்கும்வரை

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். பழவேற்காடு ஏரிக்கரையில், படகுகளைக் கட்டிப்போடும் இடத்துக்கு எதிரே எனக்கு ஓர் இட்லிக் கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மேலே தகரம், உள்ளே ஒரு தோசைக்கல், ஓர் இட்லிக் கொப்பரை, வெளியே இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். மீதி இடத்தை என் வாய் நிரப்பிவிடும். எங்கள் குப்பத்தில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் யோசிப்பார்கள். 'வாய்க்காரி கடை' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழிகாட்டும்.

அப்படிப்பட்ட எனக்குப் பிறந்த ஒரே மகளுக்குப் பேச்சு திக்கும். கடவுளுக்கு என்ன குறும்பு பாருங்கள்!

நாங்கள் செய்யாத வைத்தியமில்லை. நாக்கில் வசம்பு தடவினோம். தேன் தடவினோம். கோயிலில் மணி வாங்கிக் கட்டினோம். லைட்ஹவுஸ் குப்பத்தில் இருக்கும் என் நாத்தனார், கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு பேசச் சொல் என்றாள். பிள்ளை முழுங்கிவிட்டால் உன் அண்ணனுக்கு யார் பதில் சொல்வது என்று அவளோடு சண்டை போட்டதுதான் மிச்சம். கடைசியில் எங்களுக்குத் தெரிந்த ஒரே உதவி, அவள் சொல்ல வருவதை நாங்களே சொல்லி முடிப்பது. அவள் 'த... த...' என்று தொடங்குவதற்குள் தண்ணீர், தட்டு, தலைக்கு எண்ணெய் மூன்றும் அவள் முன்னால் வந்து நிற்கும். அவளும் எது வந்ததோ அதை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். எவ்வளவு சமத்து என்று நான் பூரித்துப்போவேன்.

குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடிக்கும்வரை வண்டி அப்படியே ஓடிவிட்டது. ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடம். சுற்றியுள்ள குப்பங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். அங்கேதான் பேஜார் ஆரம்பித்தது. காலையில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் அம்மா' என்று சொல்ல வேண்டும் இல்லையா? அந்த 'உ' அவளுக்கு வரவே வராது. பக்கத்தில் உட்காரும் சிநேகிதிதான் இவளுக்கும் சேர்த்துச் சொல்வாள். சிநேகிதி காய்ச்சலில் படுத்த நாளெல்லாம் இவளுக்கு வயிற்றுவலி. என்னவோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் நான் உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"இனிமே நான் ஸ்கூலுக்குப் போவலம்மா. உன்கூட கடையில இருக்கேன்."

ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. எத்தனை தடவை தனக்குள்ளே சொல்லிப் பார்த்து வைத்திருந்தாளோ, தண்ணீர் மாதிரி வந்தது. என் மகள் ஒரு முழு வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அது இந்த வாக்கியமாகவா இருக்க வேண்டும்? நானும் எட்டாவதோடு நின்று கரண்டி பிடித்தவள்தான். எனக்கு வாய் இருந்தது, அதை வைத்துப் பிழைத்துக்கொண்டேன். வாயும் திக்கி, படிப்பும் நின்றுபோனால் இந்தப் பிள்ளை என்ன செய்யும்? அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அரைத்த மாவுக்கு உப்புப் போட்டேனா என்றுகூட ஞாபகமில்லை.

மறுநாள் காலை அவளுடைய வகுப்பு டீச்சர் வழக்கம்போலக் கடைக்கு வந்தார். அந்த வருஷம் புதிதாக வந்தவர், முப்பது வயதிருக்கும். மீஞ்சூரிலிருந்து பஸ் ஏறி வருவார். காலையில் வீட்டில் சாப்பிட நேரம் இருக்காது என்பதால் என் கடையில்தான் இட்லி. "அக்கா, உங்க சாம்பார்ல இன்னைக்கு ஏரித்தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி" என்று கிண்டல் செய்யும் தைரியம் எங்கள் ஊரிலேயே அவருக்கு மட்டும்தான் இருந்தது.

அன்றைக்கு அவர் உட்காருவதற்குள் நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். மகள் பள்ளிக்குப் போகாமல் அங்கேதான் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சர் நேராகப் போய் அவளுக்கு எதிரே குந்திக்கொண்டு கேட்டார்.

"உனக்கு வார்த்தை மாட்டிக்குதுல்ல, அப்ப நாங்கள்லாம் இன்னா செய்யணும்? நீயே சொல்லு."

"தண்ணி குடுக்கணும் டீச்சர்" என்று நான் இங்கிருந்து குரல் கொடுத்தேன். "மெதுவா பேசுன்னு சொல்லணும். மூச்சை இழுத்து..."

டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தும் பார்வை இல்லை, பாவப்படும் பார்வையும் இல்லை. பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று நிழலில் நிற்பவர் பார்ப்பாரே, அப்படி. மகள் கண்ணை மூடினாள், திறந்தாள். 'சு... சு...' என்றாள். எனக்கு வாய் பரபரத்தது. சுக்குக் காப்பியா, சுடுதண்ணியா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கல்லில் ஊற்றிய தோசையை நான் மறந்தே போனேன்.

"சு... சும்மா இருக்கணும்" என்றாள் மகள்.

தோசை கருகிப் புகை வந்தது. பெஞ்சில் இருந்த ஒருவர் இருமினார். பதினோரு வருஷமாக அவளை வளர்க்கிறேன், இந்தக் கேள்வியை எங்களில் ஒருவர்கூட அவளிடம் கேட்டதில்லை. "அவ்ளோதானே? நான் பழகிக்கிறேன். கிளாஸையும் பழக்கிடலாம். ஆனா நீ வந்தாத்தானே பழக முடியும்?" என்றார் டீச்சர். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். எனக்கு அந்தக் கருகல் தோசையைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

வகுப்பைப் பழக்குவது அத்தனை சுலபமாக இல்லை. பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, என்னைப் போலத்தான். இவள் வாயைத் திறந்தால் நாலு பேர் நாலு வார்த்தையை நீட்டுவார்கள். 'சும்மா இருங்க' என்று டீச்சர் சொன்னால் ஒரு நிமிஷம் இருப்பார்கள், அப்புறம் பழையபடிதான். அவரும் என்னென்னவோ செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் கடை வாசலில் அந்தக் கலாட்டா நடந்தது. இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏரியில் நல்ல இறால் கிடைக்கும் இடங்களுக்கு எங்களிடம் முறை உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். கூட்டம் கூடிச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று முடிவு செய்வார்கள். உன் பாடு வந்த நாளில் அந்த இடம் உன்னுடையது. வேறு யாரும் அங்கே வலை போடக் கூடாது.

அன்றைக்கு ஒருவருக்குத் தன் பாடு வந்த நாளில் எளாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வரத் தாமதமாகிவிட்டது. இடம் சும்மாதானே கிடக்கிறது என்று இன்னொருவர் வலையைப் போட்டுவிட்டார். இரண்டு பேரும் என் கடை முன்னால் மல்லுக்கு நின்றார்கள். ஊரே கூடி, வலை போட்டவரைத் திட்டித் தீர்த்தது. இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் வேடிக்கை பார்த்தார்.

"அவர்தான் வரலையே. எடம் காலியாத்தானே இருந்துச்சு? போட்டா இன்னா தப்பு?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

டீ உள்ளே போகும்வரை என் வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டார். இந்த வீட்டில் பேசுவதற்கு ஒருத்தி போதும் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. அன்றைக்கு மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"லேட்டா வந்தாலும் அது அவன் பாடுதான் டீச்சர். அவன் போட்டு, அவன் தூக்குற வரைக்கும் அந்த எடம் அவனுது. சீக்கிரம் புடிக்கிறவன், நிதானமா புடிக்கிறவன்னு அதுல கணக்கு கெடையாது."

டீச்சர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். என்ன, சட்னியில் முடி கிடி இருக்கிறதா என்று எனக்குப் பயம். "அக்கா, இதை இத்தனை நாளா ஏன் என்கிட்ட சொல்லல?" என்று எழுந்தவர், கை கழுவக்கூட மறந்து பள்ளிக்கூடம் பக்கம் நடந்துவிட்டார்.

மறுநாள் பிள்ளைகளையே கரையில் மட்டிச் சிப்பி ஓடு பொறுக்கி வரச் சொன்னாராம். ஆளுக்கு ஓர் ஓடு, உள்பக்கம் அவரவர் பெயர். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பது. எடுத்த ஓட்டில் யார் பெயரோ அன்றைக்கு அவர் பாடு. ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். பேசி முடித்ததும் 'தூக்கியாச்சு' என்று சொல்லி அதை மறுபடி டப்பாவில் போட வேண்டும். அதுவரை யாரும் குறுக்கே ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. இதை யாருக்கும் இரண்டாவது தடவை விளக்க வேண்டியிருக்கவில்லையாம். எங்கள் பிள்ளைகளுக்கு இது தாய்ப்பாலோடு வந்த சங்கதி ஆயிற்றே! அடுத்தவன் பாட்டில் வலை போட்டால் என்ன நடக்கும் என்று எல்லார் வீட்டிலும் பார்த்திருக்கிறார்கள்.

டப்பாவில் டீச்சருடைய ஓடும் இருந்தது. இரண்டாவது நாளே அவர் பெயர் வந்துவிட்டது. எழுந்து நின்று, தனக்குத் தண்ணீரைக் கண்டால் பயம், இந்த ஊருக்கு வேலைக்கு வந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் படகில் ஏறியதில்லை, இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது என்று சொல்லிவிட்டு 'தூக்கியாச்சு' என்றாராம். அந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகள் என் வீட்டுக்காரரைப் பிடித்துப் படகை எடுக்கச் சொல்லி, டீச்சரை ஏற்றிவிட்டார்கள். அடேங்கப்பா, அவர் போட்ட கூச்சல்! கரையில் நின்ற எனக்கே கேட்டது. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, இந்தப் பக்கம் என் மகள், ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு 'ஒண்ணும் ஆவாது டீச்சர்' என்று தேற்றிக்கொண்டு போனார்கள். 'ஒண்ணும் ஆவாது' என்று என் மகளும் சொன்னாள். திக்கித்தான் சொன்னாள். டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு மத்தியானம் மகளின் சிநேகிதி கடைக்கு ஓடி வந்தாள். "ஆண்ட்டி! இன்னைக்கு அவ பாடு! உங்க வீட்டுப் பூனை மீன் திருடின கதையைச் சொன்னா. பாதியில பெல் அடிச்சிட்டாங்க. ஒருத்தரும் சாப்பாட்டுக்கு எழுந்துக்கல ஆண்ட்டி. வலை தூக்கலையே!" என்று மூச்சு வாங்கினாள். நான் அந்தப் பிள்ளைக்கு இரண்டு வடையை வாயிலேயே திணித்தேன். பின்னாலேயே என் மகள் ராணி மாதிரி நடந்து வந்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். திக்கல் போகவில்லை. டீச்சரே விசாரித்துச் சொல்லி, மாதம் ஒருமுறை மீஞ்சூரில் ரயில் ஏறிச் சென்னை அரசு ஆஸ்பத்திரிக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். அங்கே பயிற்சி கொடுத்த அம்மாவும், அவளை முடிக்கவிடுங்கள் என்றுதான் முதலில் சொன்னார். சொன்னபோது என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அந்த வருஷக் கடைசியில் பள்ளி ஆண்டு விழா வந்தது. 'எங்கள் ஏரி' என்று தலைப்பு. ஆறாம் வகுப்பில் நாலைந்து பேர் ஆளுக்கொரு விஷயம் பேச வேண்டும். யார் பேசுவது என்பதற்கும் டப்பாவைத்தான் குலுக்கினார்கள். என் மகள் பெயரும் வந்துவிட்டது. எதைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று கேட்டால் சொல்லவே இல்லை. எனக்குப் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் பேசுவது வேறு. இங்கே ஊரே வந்து உட்காரும், மேலதிகாரி வருவார், மைக் வேறு. அங்கே மாட்டிக்கொண்டு யாராவது சிரித்துவிட்டால், மறுபடி 'கடையில இருக்கேன்' என்று வந்து நிற்பாளே என்பதுதான் என் பயம்.

"வேணாம்னா டீச்சர்கிட்ட நான் சொல்றேன்டி" என்றேன்.

"எ... எ... என் பாடும்மா" என்றாள்.

விழா அன்று பந்தல் நிறைந்திருந்தது. நானும் வீட்டுக்காரரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். பின்னால் குப்பத்து ஆம்பிளைகள் எல்லாம் கைகட்டி நின்றார்கள். மகள் மேடை ஏறினாள். கையில் மட்டி ஓடு, மைக்குப் பக்கத்தில் அந்தப் பிஸ்கட் டப்பா. மைக்கைப் பிடித்து, "எங்க ஊர்ல..." என்று நன்றாகத்தான் தொடங்கினாள். அடுத்த வார்த்தையில் மாட்டிக்கொண்டது. 'பா... பா...' என்றாள். மைக்கில் அது பந்தல் முழுக்கக் கேட்டது. மறுபடி 'பா...'.

நான் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் பால், பாய், பாம்பு எல்லாவற்றையும் நானே மேடைக்கு அனுப்பியிருப்பேன். வீட்டுக்காரர் என் காலை மிதித்துப் பிடித்துக்கொண்டார். மேடையில் இருந்த அதிகாரி நல்ல மனுஷன். பிள்ளை கஷ்டப்படுகிறதே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. "வெரி குட், நல்லா சொன்னம்மா, போதும்" என்று சிரித்துக்கொண்டே கைதட்ட ஆரம்பித்தார். அவர் தட்டியதும் முன்வரிசையும் தட்டியது. அவளை இறக்கிவிடுவதற்கான கைதட்டல் அது. என் பிள்ளை முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

அப்போது மேடை ஓரத்தில் வரிசையாக நின்ற ஆறாம் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் கத்தியது.

"சார்! அது அவ பாடு சார்!"

கைதட்டல் சட்டென்று நின்றது. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். பின்னால் நின்ற ஆம்பிளைகளில் ஒருவர், கல்யாணத்துக்குப் போய்ப் பாட்டைப் பறிகொடுத்தாரே அவர்தான், "வலை இன்னும் தண்ணியிலதான் சார் இருக்குது, தூக்கல!" என்று குரல் கொடுத்தார். பந்தலே சிரித்தது. அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சர் குனிந்து அவர் காதில் என்னவோ சொன்னார். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மேடையில் என் மகள் தன் வகுப்பை முறைத்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் ஒரு கை வேறு. மைக்கிலேயே கேட்டாள்.

"நான் சொ... சொல்ல வந்ததை நீங்க ஏன்டா சொன்னீங்க?"

அவள் மாட்டிக்கொண்ட வார்த்தையே 'பாடு'தான்! அவள் முறையைக் காப்பாற்றுகிறேன் என்று அத்தனை பேரும் சேர்ந்து அவள் வார்த்தையைப் போட்டு உடைத்திருந்தார்கள். முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம் வகுப்பு, அப்புறம் டீச்சர், அதிகாரி, பந்தல் மொத்தமும். அது அவளோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும், "மொ... மொதல்லேர்ந்து சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். ஒருவரும் அசையவில்லை.

"எங்க ஊர்ல பா... பாடு இருக்குது. ஒருத்தர் பாட்டுல இன்னொருத்தர் வலை போடக் கூடாது. எங்க நைனாவுக்குப் பாடு இருக்குது. எங்க அ... அம்மாவுக்குக் கெடையாது. பொம்பளைங்களுக்குக் கெடையாது. எங்க கிளாஸ்ல பொ... பொண்ணுங்களுக்கும் உண்டு. எனக்கும் உண்டு. எங்க டீச்சர் கு... குடுத்தாங்க."

கையிலிருந்த மட்டி ஓட்டை எடுத்து டப்பாவுக்குள் போட்டாள்.

"தூக்கியாச்சு."

இவ்வளவையும் சொல்ல அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் நாலு ஈடு இட்லி இறக்கியிருப்பேன். அத்தனை நேரமும் அந்தக் கூட்டம் காத்திருந்தது. அப்புறம் விழுந்ததுதான் கைதட்டல். பின்னால் ஆம்பிளைகள் விசில் அடித்தார்கள். என் வீட்டுக்காரர் என் காலிலிருந்து காலை எடுக்கவும் மறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஓவென்று அழுதேன், முந்தானை வாயிலேயே இருந்ததால் சத்தம் வரவில்லை. டீச்சரிடம் போய்க் கையைப் பிடித்தேன். "நான் இன்னா செஞ்சேன்? உங்க ஊர் வழக்கம், உங்க வீட்டுக்காரர் சொன்னது, உங்க பொண்ணு பேசினா. நான் சும்மா இருந்தேன்கா" என்றார். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கல்லவா தெரியும்!

அன்றைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, மகள் பாவாடைப் பையிலிருந்து ஒரு மட்டி ஓட்டை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே என் பெயரைக் கோணல்மாணலாக எழுதியிருந்தாள்.

"உ... உன் பாடும்மா. சொல்லு."

அவளும் அவள் நைனாவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஊரையே வாயால் விற்று வாங்குகிறவள் நான். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன், எனக்காக இப்படி ஒருவர் காத்திருந்ததில்லை போலிருக்கிறது. அவர்கள் அவசரப்படுத்தவில்லை. தொண்டையைச் செருமி, செருமி, எட்டாவது படிக்கும்போது எனக்கு டீச்சராக ஆசை இருந்தது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியே சொன்னேன்.

என் மகள் இப்போது எட்டாவது முடிக்கப்போகிறாள். இன்னும் திக்குகிறது, பேசுவதை மட்டும் நிறுத்துவதில்லை. என் பெயர் எழுதிய ஓடு கடையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாராவது எதையோ சொல்ல வந்து தடுமாறி நின்றால் இப்போதெல்லாம் என் கை தானாகக் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறது; அவர்கள் வலை தூக்கும்வரை தோசை கருகினால் கருகட்டும்.